மான்டரே கடலில் முதல் பத்து மீட்டர்

கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பது என்றவுடன் உங்கள் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? வெதுவெதுப்பான நீலக் கடல், பவழத் திட்டுகள், பல வண்ண மீன்கள், இவைதாமே? திரைப்படங்களும் வண்ணப் படங்களும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் முக்குளிப்பவர்கள் தேடிச் செல்லும் புகழ்பெற்ற இடங்களுள் சில, குளிர்ந்த, பச்சை நிறமான, அலை மிகுந்த கடல்களில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் மான்டரே. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே சாலை வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மிதவெப்ப மண்டலக் கடற்கரை.

அந்தக் கரையில் நான்கு இடங்களுக்கு நாம் கற்பனையில் சென்று வரலாம். உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்திலுள்ள சில விதிகளையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுத் தாளில் அவற்றை மறந்தால் சில மதிப்பெண்கள்தாம் போகும். அங்கே மறந்தால் உயிரே போகக்கூடும்.

முதலில் ஒரு கேள்வி. பசிபிக் பெருங்கடலில் கோடையிலும் இங்கு நீர் ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது? ஆண்டின் பெரும் பகுதியில் மான்டரே நீரின் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரைதான். வசந்த காலத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டிக் காற்று வீசுகிறது. அக்காற்று மேற்பரப்பு நீரைத் தள்ளுகிறது. பூமி சுழல்வதால், வடகோளத்தில் இவ்வாறு நகரும் நீர் வலப்புறமாக விலகுகிறது. இங்கே வலப்புறம் என்பது நடுக்கடலின் பக்கம். மேல்நீர் கரையை விட்டு விலகிச் சென்றால் அந்த இடத்தை எது நிரப்பும்? அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. இதனை மேலெழு நீரோட்டம் என்பார்கள். அடிநீரில் நைட்ரேட்டு, பாஸ்பேட்டு போன்ற உரச்சத்துகள் நிறைய உண்டு. வயலுக்கு எரு இட்டது போல் ஆயிற்று. நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. அவற்றை உண்ண மீன்கள், மீன்களை உண்ண கடற்சிங்கங்கள் என்று கடலே விருந்துக் கூடமாகிறது. அதனால் முக்குளிப்பவருக்கு ஒரு சங்கடமும் உண்டு. பாசி பெருகிய நாட்களில் மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. காற்று தணிந்த இலையுதிர் காலத்தில்தான் நீர் நன்கு தெளிகிறது.

இனி முதல் இடத்திற்குப் போவோம். பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில் லவர்ஸ் பாயிண்ட் என்றொரு பாறை முனை. முனையின் ஒரு பக்கம் குடாவை நோக்கியிருப்பதால் பெருங்கடலின் நேரடி அலை அங்கு அதிகம் தாக்குவதில்லை. மூழ்காமல், முகத்தை நீருக்குள் வைத்து மிதந்தபடியே அடியைப் பார்க்க விரும்புவோருக்கு ஏற்ற இடம். இதற்கு வேண்டியவை மூன்றே பொருள்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி ஒன்று, கால்களுக்கு ரப்பர்த் துடுப்புகள் இரண்டு, வாயில் கவ்விக்கொள்ளும் சுவாசக் குழல் ஒன்று. இக்குழலுக்கு ஸ்நார்க்கல் என்று பெயர்.

முகமூடி எதற்கு? நீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதை ஆற்றிலோ கிணற்றிலோ கண்டிருப்பீர்கள். ஒளியைக் குவிக்கும் வேலையில் பெரும் பங்கு கண்ணின் முன்புறமுள்ள விழிவெண்படலத்தினுடையது. அதன் ஒளிவிலகல் எண்ணும் நீரின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நீர் கண்ணைத் தொட்டவுடன் விலகல் நின்றுபோகிறது. முகமூடி கண்ணுக்கு முன்னே மீண்டும் ஒரு காற்றடுக்கை வைக்கிறது. ஆனால் ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் வரும்போது விலகுமல்லவா? அதனால் நான்கு மீட்டர் தூரத்திலுள்ள மீன் மூன்று மீட்டரில் இருப்பது போலவும், உள்ளதைவிடப் பெரியதாகவும் தோன்றும். மீன் பிடித்தவர்கள் அளவைக் கூட்டிச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்!

ஸ்நார்க்கல் குழல் 40 சென்டிமீட்டர் நீளம்கூட இருப்பதில்லை. ‘குழலை இரண்டு மீட்டர் நீளமாக்கிவிட்டால் ஆழத்தில் நின்றே மூச்சு விடலாமே, விலை உயர்ந்த கருவிகள் எதற்கு?’ என்று வகுப்பில் எவரேனும் ஒரு மாணவர் கேட்காமல் இருப்பதில்லை. நல்ல கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் 100 கிராம் எடையுள்ள நீர் கூடுதலாக அழுத்துகிறது. உங்கள் மார்பின் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அப்படியானால் மார்பின் மீது 100 கிலோகிராம்! குழலின் மேல்முனை திறந்திருப்பதால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெறும் வளிமண்டல அழுத்தம்தான். ஒரு நெல் மூட்டையை மார்பில் ஏற்றிவைத்து மூச்சை இழுப்பதற்கு இது சமம். ஓரிரு முறை இழுக்கலாம். அதற்குமேல் தசைகள் சோர்ந்துவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. இரண்டு சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழலின் பருமன் சுமார் 125 கன சென்டிமீட்டர். நாம் வெளிவிட்ட காற்றில் இவ்வளவு குழலிலேயே தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே வருகிறது. சாதாரண மூச்சு ஒன்று சுமார் 500 கன சென்டிமீட்டர்தான். குழல் இரண்டு மீட்டரானால் 600 கன சென்டிமீட்டருக்கு மேல் குழலிலேயே நின்றுவிடும். விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம்.

ஆழத்தில் மூச்சுவிட வேண்டுமானால், அந்த ஆழத்து நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்று கிடைக்க வேண்டும். இதைச் சாதித்தவர்கள் பிரான்சு நாட்டின் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும், எமில் காஞ்ஞான் என்ற பொறியாளரும். ஆண்டு 1943. முதுகில் அழுத்திய காற்று நிரம்பிய உருளை. வாயில் ரெகுலேட்டர் என்னும் சீராக்கி. சீராக்கியின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நீங்கள் இழுக்கும் காற்று. நீங்கள் மூச்சை இழுத்ததும் நீர் சவ்வை உள்நோக்கித் தள்ளும். சவ்வு ஒரு நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து காற்று வரும். எவ்வளவு அழுத்தத்தில் வரும்? வெளியே நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவில். அளவுகோலும் வேலைக்காரனும் நீரேதான்! இத்தகைய கருவியைத்தான் இன்று ஸ்கூபா என்கிறோம்.

பாயில் விதியின் பள்ளிக்கூடம்

ஸ்கூபா பழகுவோர் மான்டரேயில் முதலில் இறங்கும் இடம் சான் கார்லோஸ் கடற்கரை. அதன் அருகே துறைமுகத்தைக் காக்கப் பாறைகளைக் கொட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர் ஒன்று கடலுக்குள் நீண்டு செல்கிறது. சுவரின் மேல் கடற்சிங்கங்கள் படுத்துக் கத்திக்கொண்டிருக்கும். நீருக்குள்ளே அதன் பாறைகளில் கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் அப்பியிருக்கும். சற்று அப்பால், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில், மெட்ரிடியம் என்ற வெண்ணிறக் கடற்சாமந்திகள் கூட்டமாக வளர்ந்து, பூத்த காலிபிளவர்த் தோட்டம் போல் காட்சியளிக்கும். நீர் அமைதியானது, ஆழமும் அதிகமில்லை. ஆகவே இங்கு ஆபத்தில்லை என்று புதியவர் நினைக்கக்கூடும். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3, முப்பதில் 4. பாயில் விதிப்படி அழுத்தமும் பருமனும் எதிர்விகிதம். முப்பது மீட்டர் ஆழத்தில் ஒருவர் நுரையீரல் நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டே இருபது மீட்டருக்கு ஏறினால் அக்காற்று 8 லிட்டராக விரியும். இருபதில் இழுத்துப் பத்துக்கு ஏறினால் 9 லிட்டர். பத்து மீட்டரில் இழுத்து மேற்பரப்புக்கு வந்தாலோ 12 லிட்டர்! தூரம் மூன்றிலும் ஒன்றே, பத்து மீட்டர்தான். ஆனால் விரிவு ஒன்றல்ல. ஆழத்தில் சிறியதாக இருக்கும் மாற்றம் மேலே வர வரப் பெரியதாகிறது. நுரையீரல் இரண்டு மடங்காக விரியும் பலூன் அன்று. காற்றறைகள் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளைக்குச் செல்லக்கூடும். முழு மூச்சைப் பிடித்திருந்தால் இதற்கு ஒன்றரை மீட்டர் ஆழமே போதும். ஆழம்தான் ஆபத்து என்பது நிலத்தில் நிற்பவரின் எண்ணம். ஸ்கூபா பயிற்சியில் முதல் நாளிலேயே சொல்லித் தரும் விதி, ‘மூச்சைப் பிடிக்காதே’ என்பதுதான்.

இங்கே உங்களில் சிலருக்கு ஐயம் எழலாம். நம் மன்னார் வளைகுடாவில் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கிய முத்துக் குளிப்போர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே மூழ்கினார்கள்? அவர்களுக்கு ஏன் நுரையீரல் வெடிக்கவில்லை? அவர்கள் எடுத்துச் சென்றது மேற்பரப்பின் காற்று. 5 லிட்டர் காற்று பத்து மீட்டரில் இரண்டரை லிட்டராகச் சுருங்கி, மேலே வந்ததும் மீண்டும் 5 லிட்டர் ஆனது, அவ்வளவே. ஸ்கூபாவில் இறங்குபவரோ அடியிலேயே, அடியின் அழுத்தத்தில், நுரையீரலை நிரப்பிக்கொள்கிறார். வித்தியாசம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இதே விதி காற்றின் செலவையும் நிர்ணயிக்கிறது. 11 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று நிரப்பினால் மேற்பரப்புக் கணக்கில் 2200 லிட்டர். நிமிடத்திற்கு 20 லிட்டர் வீதம் மூச்சு விடுபவருக்கு மேற்பரப்பில் அது 110 நிமிடம் வரும். பத்து மீட்டரில் 55 நிமிடம். முப்பது மீட்டரில் 27 நிமிடம்தான். உண்மையில் உருளை காலியாகும்வரை எவரும் அடியில் இருப்பதில்லை. திரும்புவதற்கென்று ஒரு பங்கை மிச்சம் வைப்பார்கள்.

அழுத்தம் கூடும்போது நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. இது ஹென்றி விதி. சோடா பாட்டிலின் மூடியைச் சட்டெனத் திறந்தால் என்ன நடக்கும்? விரைந்து மேலேறுபவரின் உடலிலும் அதுவே நிகழலாம். எனவே நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, பிறகு வெளியே வருகிறார்கள்.

ஒரு பௌதிக அறிஞர் தைத்த உடை

12 டிகிரி நீரில் வெறும் உடம்போடு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போகும். மேலும் நீடித்தால் உடலின் உட்புறமே குளிரத் தொடங்கும். இதற்குத் தீர்வு கண்டவர் ஹியூ பிராட்னர். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பௌதிக அறிஞர். அணுகுண்டுத் திட்டத்திலும் வேலை செய்தவர். 1950களின் தொடக்கத்தில் அவர் எண்ணியது இது: உடல் நனையாமல் இருக்க வேண்டுமென்ற அவசியமே இல்லை, உடலுக்கும் கடலுக்கும் நடுவே வாயுக் குமிழிகள் நிறைந்த ஓர் அடுக்கு இருந்தால் போதும். நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரில் நுரைபோல நுண்குமிழிகள் உண்டு. அதில் தைத்த உடைக்கு வெட்சூட் என்று பெயர். உள்ளே சிறிது நீர் புகுந்தாலும், அது உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடும்.

குளிரை வென்றாயிற்று. ஆனால் ஆர்க்கிமிடீஸ் சும்மா இருப்பாரா? 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள உடை இரண்டு சதுர மீட்டர் உடலை மூடினால் அதன் பருமன் 14 லிட்டர். அது இடம்பெயர்க்கும் நீரின் எடை 14 கிலோகிராமுக்குச் சற்று அதிகம். உடையின் எடையோ அதில் ஒரு சிறு பங்கு. எனவே உடை அணிந்தவர் தக்கைபோல் மிதப்பார். மூழ்குவதற்காக இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆழம் போகப் போக, பாயில் விதி மறுபடி வருகிறது. குமிழிகள் சுருங்குகின்றன, உடை மெலிகிறது, மிதப்பு குறைகிறது, ஈயமோ அப்படியே இருக்கிறது. இறங்குபவர் மேலும் வேகமாக இறங்கத் தொடங்குவார். இதைச் சரிக்கட்ட மார்புச் சட்டை போன்ற ஒரு பையில் உருளையிலிருந்து கொஞ்சம் காற்றை விடுகிறார்கள். மேலேறும்போது அந்தக் காற்று விரிவதால், அதை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். மறந்தால் பை பெருத்து, ஆளை மேல்நோக்கி இழுக்கும். ஏற ஏறப் பை இன்னும் பெருக்கும். இந்த ஓட்டம் மிக வேகமெடுப்பதும் அந்த மேல் பத்து மீட்டரில்தான்.

கடல் நீர்நாய்க்கு வெட்சூட் தேவையில்லை. திமிங்கிலத்துக்குள்ள கொழுப்புப் போர்வை அதற்குக் கிடையாது. ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சத்திற்கும் மேற்பட்ட மயிர்கள். அவற்றிடையே சிக்கிய காற்றுதான் அதன் கம்பளி. பிராட்னர் கண்ட உத்தியை அது எப்போதோ கண்டுவிட்டது! அந்த மென்மயிருக்காகவே மனிதர் அதை வேட்டையாடினர். கலிபோர்னியாவில் அடியோடு அழிந்தது என்று பலரும் நம்பியிருந்தபோது, 1938இல் மான்டரேக்குத் தெற்கே பிக்ஸ்பி ஓடையின் முகத்துவாரத்தருகே சுமார் ஐம்பது நீர்நாய்கள் கொண்ட கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது.

அந்த நீர்நாய்களை இன்று காணத்தக்க இடம் பாயிண்ட் லோபோஸ். இது கார்மல் ஊருக்குத் தெற்கே உள்ள காப்பிடம். 1960இல் இதைச் சேர்ந்த 750 ஏக்கர் கடலடி நிலத்தையும் காப்பிடமாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் நீரடிக் காப்பிடம் என்பது அதுவே முதல் முறை. வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடாவில் இறங்க முன்பதிவு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. தனியாக இறங்க அனுமதி இல்லை. இந்தக் கெடுபிடி நல்லதே என்பது என் கருத்து.

இங்கே முக்குளிப்பவர் காண்பது ஒரு காடு. கெல்ப் என்னும் பெரும் பாசிகள் அடிப்பாறையைப் பற்றிக்கொண்டு, இருபது முப்பது மீட்டர் உயரம் வளர்ந்து, மேற்பரப்பில் பந்தல்போல் படர்கின்றன. ஏற்ற சூழ்நிலையில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியவை. தண்டில் உறுதியான கட்டை கிடையாது. பிறகு எப்படி நிமிர்ந்து நிற்கின்றன? ஒவ்வோர் இலையின் அடியிலும் வாயு நிரம்பிய சிறு மிதவை இருக்கிறது. ‘புல் கெல்ப்’ என்ற மற்றோர் இனத்தின் பெரிய மிதவையினுள் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் ஓரளவு இருப்பது வியப்புக்குரியது.

தண்டுகளின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், கோயில் தூண்களுக்கிடையே விழும் வெயில்போல் ஒளி சாய்ந்து இறங்கும். ஆனால் எல்லாம் பச்சையும் நீலமுமாகவே தெரியும். நீர் சிவப்பொளியை முதலில் விழுங்கிவிடுகிறது. பத்து மீட்டரில் சிவப்பு மிகமிகக் குறைவு. சாம்பல் நிறமாகத் தோன்றிய ஒரு நட்சத்திர மீன்மேல் டார்ச் ஒளியை அடித்தால், அது செக்கச்செவேலென்று ஒளிரும்.

பந்தலுக்கும் ஒரு விதி உண்டு. உருளையில் காற்று மிச்சமிருக்கும்போதே பந்தலைத் தாண்டித் திறந்த நீருக்கு வந்துவிட வேண்டும். வராதவர் மேற்பரப்பில் கெல்ப் படுக்கையின்மீது ஊர்ந்து ஊர்ந்து கரை சேர வேண்டியதுதான்.

இந்தக் காடு முன்போல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் தொடங்கிய ஒரு நோயினால் மேற்குக் கரையெங்கும் நட்சத்திர மீன்கள் கரைந்து மடிந்தன; பெரிய சூரியகாந்தி நட்சத்திர மீன் கலிபோர்னியாவில் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. கடல்முள்ளிகளைத் தின்று அடக்கி வைத்திருந்தது அதுதான். 2014 முதல் 2016 வரை கடலும் வழக்கத்தைவிட வெப்பமடைந்தது. ஊதா நிறக் கடல்முள்ளிகள் பெருகிக் கெல்ப்பைத் தின்று தீர்த்தன. மான்டரேப் பகுதியில் காடு இன்று திட்டுத் திட்டாகத்தான் நிற்கிறது. அத்திட்டுகள் எஞ்சியதில் கடல்முள்ளிகளைத் தின்னும் நீர்நாய்களுக்கும் பங்குண்டு.

நான்காவது இடம், பாயிண்ட் லோபோசுக்கு அருகிலேயே இருக்கும் மொனாஸ்டரி கடற்கரை. எதிரில் கிறித்தவக் கன்னியர் மடம் ஒன்று இருப்பதால் இப்பெயர். மான்டரேக் கடலடியில் கிராண்ட் கேன்யனுக்கு நிகரான ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் கிளை ஒன்று இந்தக் கரைக்கு வெகு அருகில் வந்து முடிகிறது. கரையிலிருந்து சிறிது நீந்தினாலே மலைச்சரிவுபோல் ஆழம் இறங்கும். ஆழ்கடல் உயிர்களைக் காண ஆசைப்படுவோர் இங்கு வருவது அதனால்தான். உயிரிழந்தோரும் பலர். ‘பிணவறைக் கடற்கரை’ என்ற பொருளில் இதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு.

ஆனால் இங்கு பேர் போன அபாயம் அந்தப் பள்ளத்தில் அன்று, கரை விளிம்பில் இருக்கிறது. 14 விநாடிக்கு ஒரு முறை வரும் நீண்ட அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 300 மீட்டர். நீரின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்குக் குறையும்போதுதான் அலை அடித்தரையை உணர்ந்து மெதுவாகத் தொடங்கும். சாய்வு குறைந்த கரையில் அது தொலைவிலேயே உயர்ந்து, உடைந்து, நுரையாகி, வலுவிழந்து வரும். இங்கோ சரிவு செங்குத்து. அலை தன் சக்தியைச் செலவழிக்க இடமே இல்லாமல், முழங்கால் ஆழ நீரில் ஒரே அடியாக விழுகிறது. காலடியில் பருமணல், மிதித்தால் சரிகிறது. முதுகில் உருளை, இடுப்பில் ஈயம், காலில் துடுப்பு என்று நிற்பவரை அலை வீழ்த்தி, திரும்பும் நீர் கீழே இழுக்கும்.

ஆகையால் அனுபவமுள்ளவர்கள் மொனாஸ்டரியில் கரையேறும்போது எழுந்து நிற்பதேயில்லை. அலைகளை எண்ணிக் காத்திருந்து, சிறிய அலை ஒன்றின் பின்னே வந்து, முகமூடியைக் கழற்றாமல், ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல், கைகளையும் முழங்கால்களையும் மணலில் ஊன்றிக் குழந்தைபோல் தவழ்ந்தே வருகிறார்கள். அலை எட்டாத உலர்ந்த மணலுக்கு வந்த பிறகுதான் ரெகுலேட்டரை எடுத்து வெளிக்காற்றைச் சுவாசிக்கிறார்கள்.